ஆயிரம் சதுர அடி என்றால் எங்கேயிருந்து எங்கே? தள அளவுக் கணக்கின் அடிப்படைகள்

யாழ்ப்பாணத்தில் ‘பரப்பு’ என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது காணிதான். பழைய காணி உறுதிகளைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். ‘இரண்டு பரப்பு’ என்று மட்டும் எழுதி விடமாட்டார்கள். வரகு விதைப்பா நெல் விதைப்பா என்பதையும் கூடவே எழுதுவார்கள். வரகு விதைப்புக் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு 18 குளி, அதாவது 10 பேர்ச், 2,722.5 சதுர அடி. நெல் விதைப்புக் கணக்கில் 24 பரப்பு ஓர் ஏக்கர். அங்கே ஒரு பரப்பு 12 குளி, 1,815 சதுர அடிதான் வரும். சொல் ஒன்று, எண் ஒன்று, ஆனால் நிலம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. எந்தக் கணக்கு என்று சொல்லாத எண்ணால் பயன் இல்லை என்பது உறுதி எழுதியவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அந்தக் கவனம் காணியோடு நின்றுவிட்டது. காணியின் மேல் நிற்கும் கட்டடத்தை விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும் ‘1,200 சதுர அடி வீடு’, ‘600 சதுர அடிக் கடை’ என்று வெறும் எண்ணை மட்டும் சொல்கிறோம். தனி வீடுகளாகவே இருந்த ஊரில் இது பெரிய சிக்கலாக இருக்கவில்லை. வாங்குபவர் நேரில் வந்து நடந்து பார்த்துத் தீர்மானிப்பார். இப்போது தொடர்மாடிகள் எழுகின்றன. கட்டி முடிக்கும் முன்பே வரைபடத்தைப் பார்த்து முற்பணம் கட்டுகிறார்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் வட்ஸ்அப்பில் வந்த எண்ணை நம்பி முடிவெடுக்கிறார்கள். அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம். (‘பரப்பு’ இங்கே காணியின் அலகாகவும் இருப்பதால், குழப்பம் வராமல் இந்தக் கட்டுரையில் கட்டடத்துக்குத் ‘தள அளவு’ என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன்.)

ஒரே வீடு, நான்கு எண்கள்

வெளிப்பக்கம் 40 அடி நீளம், 30 அடி அகலம் உள்ள ஒரு மாடி இல்லாத வீட்டை எடுத்துக்கொள்வோம். வெளிச்சுவர் ஆறு அங்குலச் சீமெந்துக் கல். இரண்டு பக்கமும் பூச்சோடு சேர்த்து ஏழு அங்குலத் தடிப்பு. உள்ளே அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் நான்கு அங்குலக் கல், பூச்சோடு ஐந்து அங்குலம், மொத்தம் 90 அடி நீளம். கூரை நாலு பக்கமும் இரண்டடி வெளியே நீட்டியிருக்கிறது.

1. கூரை நிழல் விழும் இடம் முழுவதையும் அளந்தால் 44 × 34, அதாவது 1,496 சதுர அடி.

2. வெளிச்சுவரின் வெளிப்பக்கத்திலிருந்து அளந்தால் 40 × 30, அதாவது 1,200 சதுர அடி.

3. வெளிச்சுவரின் உட்பக்கத்திலிருந்து அளந்தால் 38 அடி 10 அங்குலம் × 28 அடி 10 அங்குலம். ஏறத்தாழ 1,120 சதுர அடி.

4. அதிலிருந்து உள்சுவர்கள் நிற்கும் இடத்தையும் கழித்தால், ரைல்ஸ் பதிக்கக்கூடிய நிலம் ஏறத்தாழ 1,082 சதுர அடி.

நான்கும் சரியான அளவுகள். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் இடையில் 414 சதுர அடி இருக்கிறது. மூன்று நாலு அறைகள் அதற்குள் அடங்கிவிடும்.

சுவரின் தடிப்பு கூடக்கூட இந்த வித்தியாசமும் கூடும். சுண்ணாம்புக் கல்லால் கட்டிய பழைய வீடுகளில் ஒன்றரை அடிச் சுவர் சாதாரணம். அதே 40 × 30 வெளி அளவில் அப்படி ஒரு வீடு இருந்தால் உள்ளே கிடைப்பது 37 × 27, வெறும் 999 சதுர அடி. புதிய வீட்டோடு ஒப்பிட்டால் உள்சுவர்களைக் கழிக்கும் முன்பே 121 சதுர அடி குறைவு. பழைய கல்வீட்டையும் புதிய வீட்டையும் வெளி அளவை வைத்து ஒப்பிடுவது பிழை என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

மூன்று கோடுகள்

உலகில் உள்ள தள அளவு முறைகளுக்குப் பெயர்கள் ஏராளம். பெயர்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். அளவுக்கோடு எங்கே போகிறது என்று பார்த்தால் அநேகமாக எல்லாமே மூன்று வகைக்குள் வந்துவிடும்.

முதலாவது வெளி அளவு. கோடு வெளிச்சுவரின் வெளிப்பக்கமாகப் போகிறது. கட்டுவதற்கு எவ்வளவு செலவாகும் என்று பார்க்கவும், காணியில் எவ்வளவு இடத்தைக் கட்டடம் பிடிக்கிறது என்று பார்க்கவும் பொருத்தமான அளவு இது. சுவருக்கும் கல்லும் சீமெந்தும் கூலியும் போகிறது அல்லவா? அதனால் செலவுக் கணக்கில் சுவரைச் சேர்ப்பதுதான் நியாயம்.

இரண்டாவது உள் அளவு. கோடு வெளிச்சுவரின் உட்பக்கமாகப் போகிறது. உள்சுவர்களும் தூண்களும் இதற்குள் அடங்கும்.

மூன்றாவது பயன் அளவு. உள்சுவர்கள், தூண்கள், பலர் பொதுவாகப் பயன்படுத்தும் படிக்கட்டு போன்றவற்றைக் கழித்து, குடியிருப்பவருக்கோ வாடகைக்காரருக்கோ உண்மையில் பயன்படும் இடம். எதைக் கழிப்பது என்பதில் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. தகராறுகள் பெரும்பாலும் பிறப்பதும் இங்கேதான்.

பிரித்தானியாவில் பட்டயம் பெற்ற அளவையாளர்களின் நிறுவனமான ரிக்ஸ் வெளியிட்ட அளவு நெறிக்கோவை நீண்ட காலமாக இந்த மூன்றையும் தனித்தனிப் பெயரில் பிரித்து வைத்திருந்தது. அதன் பயன் அளவில் தூண்கள் கழிபடும், 1.5 மீற்றருக்குக் குறைந்த உயரமுள்ள இடமும் கழிபடும். படிக்கட்டுக்குக் கீழே குனிந்து போய்ப் பெட்டி வைக்கும் மூலையை அந்த முறை இடமாகக் கணக்கெடுக்காது.

சண்டை வரும் இடங்கள்

நேரான நாலு சுவருக்குள் பிரச்சினை குறைவு. நம் வீடுகளில் நாலு சுவருக்கு வெளியேதான் வாழ்க்கையின் பாதி நடக்கிறது. அங்கேதான் கணக்கும் குழம்புகிறது.

விறாந்தையை எடுங்கள். கூரை இருக்கிறது, தரை இருக்கிறது, மூன்று பக்கம் திறந்திருக்கிறது. அது வீட்டின் தள அளவில் சேருமா? ஒரு மேசன் முழுதாகச் சேர்ப்பார், இன்னொருவர் பாதியாகக் கணக்கெடுப்பார், வேறொருவர் விறாந்தைக்குத் தனி விலை பேசுவார். போர்ட்டிக்கோவுக்கும் இதே கதைதான். 12 × 16 போர்ட்டிக்கோ ஒன்று 192 சதுர அடி. சதுர அடிக்கு 10,000 ரூபா கூலியும் பொருளும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், முழுதாகச் சேர்ப்பதற்கும் பாதியாகச் சேர்ப்பதற்கும் இடையில் 9 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா நிற்கிறது. சுவரின் வெளிப்பக்கமா உட்பக்கமா என்ற கேள்வியும் சின்னது இல்லை. மேலே பார்த்த 40 × 30 வீட்டில் அது 80 சதுர அடி. இதே விலையில் 8 இலட்சம் ரூபா. கொந்தராத்து எழுதும்போது இதைக் கேட்காமல் விட்டவர்கள் கூரை போடும் நேரத்தில் கேட்கிறார்கள். அப்போது பேசித் தீர்ப்பது கடினம்.

நாற்சார் வீட்டின் நடு முற்றம் இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு. வெளி அளவு 50 × 45 என்றால் 2,250 சதுர அடி. நடுவில் 15 × 12 முற்றம் வானத்தைப் பார்த்தபடி திறந்திருக்கிறது. அதற்குக் கூரையும் இல்லை, தளமும் இல்லை. சர்வதேச முறைகளின்படி அந்த 180 சதுர அடி கட்டடத் தள அளவில் சேராது. 2,070 என்றே வரும். அந்த வீட்டின் காற்றும் வெளிச்சமும் மழைச் சத்தமும் அந்த முற்றத்தில்தான் இருக்கின்றன. இருந்தாலும் தள அளவு என்பது கட்டிய தளத்தின் அளவு மட்டுமே. முற்றத்தின் பெறுமதியை விலை பேசும்போது வேறாகத்தான் சொல்ல வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். மாடி வீட்டில் படிக்கட்டு பிடிக்கும் இடம் பொதுவாக ஒவ்வொரு தளத்திலும் எண்ணப்படும். இரண்டு மாடி உயரத்துக்குத் திறந்த வரவேற்பறை கீழ்த் தளத்தில் மட்டும் எண்ணப்படும். மேலே வெறும் வெளிதான். கூரை போடாத மொட்டை மாடி உள் அளவில் சேராது. தண்ணீர்த் தாங்கியின் மேடையைத் தள அளவில் சேர்த்துக் கேட்டால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

சர்வதேசத் தரம் எப்படி வந்தது

அமெரிக்காவில் கட்டட உரிமையாளர், முகாமையாளர் சங்கமான போமா, அலுவலகத் தளங்களை அளக்கும் தரத்தை 1915 இலேயே வெளியிட்டது. பிரித்தானியாவில் ரிக்ஸ் முறை, இந்தியாவில் இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தின் முறை என்று ஒவ்வொரு நாடும் தன் வழியில் போயிற்று. ஒரே நிறுவனம் பல நாடுகளில் அலுவலகம் எடுக்கும் காலம் வந்ததும் இந்த வேறுபாடு பெரிய தொல்லை ஆயிற்று. எந்த முறையில் அளக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே கட்டடத்தின் அளவு 24 சதவீதம் வரை மாறலாம் என்று ஆதனச் சேவை நிறுவனமான ஜேஎல்எல்லின் ஆய்வு காட்டியது.

2013 மே மாதம் வாஷிங்டனில் உலக வங்கியில் பல நாட்டுத் தொழில்சார் அமைப்புகள் கூடி ஒரு கூட்டணியை அமைத்தன. அவர்கள் உருவாக்கியதுதான் ஐபிஎம்எஸ் எனப்படும் சர்வதேச ஆதன அளவுத் தரம். அலுவலகங்களுக்கு 2014 நவம்பரிலும், குடியிருப்புகளுக்கு 2016 இலும், தொழிற்சாலைக் கட்டடங்களுக்கு 2018 இலும், கடைகளுக்கு 2019 இலும் தனித்தனியாக வந்தது. 2023 ஜனவரியில் எல்லாக் கட்டடங்களுக்குமான ஒரே தரமாக இணைத்து வெளியிட்டார்கள்.

அதன் குடியிருப்புத் தரம் ஒரு வீட்டுக்குரிய இடத்தை மூன்று விதமாகப் பிரித்தது. ‘3அ’ என்று வைத்துக்கொள்வோம்: கோடு வெளிச்சுவரின் வெளிப்பக்கம் போகும், பக்கத்து வீட்டோடு பகிரும் சுவரில் நடுக்கோட்டில் போகும். ‘3ஆ’: சுவர்களின் உட்பக்கம், உள்சுவரும் தூணும் சேர்த்து. ‘3இ’: உள்சுவரையும் தூணையும் கழித்து.

இந்தத் தரத்தில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் படுவது ஒரு சின்ன விதி. பல்கனி, விறாந்தை போன்றவற்றை அளவில் சேர்க்கலாம், ஆனால் அவற்றின் அளவைத் தனியாகவும் எழுதிக் காட்ட வேண்டும். ‘1,000 சதுர அடி, அதில் பல்கனி 80’ என்று எழுதிவிட்டால் படிப்பவர் தனக்கு வேண்டியபடி கூட்டிக் கழித்துக்கொள்வார். மேலே சொன்ன விறாந்தைச் சண்டையில் பாதி இந்த ஒரு வரியால் அடங்கிவிடும்.

சுவரின் ‘உட்பக்கம்’ எது என்பதற்கும் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். சுவரின் உயரத்தில் பாதிக்கு மேல் எந்த மேற்பரப்பு இருக்கிறதோ அதுவரை அளக்க வேண்டும். பாதிக்கு மேல் கண்ணாடி என்றால் கண்ணாடி வரை அளக்கலாம். சின்ன யன்னல் குழியின் ஆழத்தைச் சேர்க்க முடியாது.

ஒன்றை மறக்கக் கூடாது: ஐபிஎம்எஸ் ஒரு தொழில்சார் தரம். அது தானாகவே எந்த நாட்டிலும் சட்டம் ஆகிவிடாது. சில நாடுகள் தள அளவு சொல்லும் முறையைத் தங்கள் சொந்தச் சட்டத்தின் மூலம் இறுக்கியிருக்கின்றன. ஹொங்கொங்கில் 2013 ஏப்ரல் முதல், புதிய குடியிருப்புகளை முதற்கையாக விற்கும்போது பொது இடங்களின் பங்கைச் சேர்க்காத அளவையே சொல்லி விலை குறிக்க வேண்டும். இந்தியாவில் வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் 2016 ஆம் ஆண்டு றெரா சட்டம் ‘கார்ப்பெட் ஏரியா’ என்பதற்கு வரைவிலக்கணம் தந்தது: வெளிச்சுவர், பல்கனி, திறந்த மொட்டை மாடி எல்லாம் கழியும், உள்தடுப்புச் சுவர் சேரும். சிங்கப்பூரில் 2023 ஜூன் முதல், நான்கு அரச நிறுவனங்கள் வெவ்வேறாக வைத்திருந்த வரைவிலக்கணங்களை ஒன்றாக்கி, சுவரின் நடுக்கோடு வரை அளக்கிறார்கள்.

ஒன்ராறியோவில் புதிய தொடர்மாடி வாங்கியவருக்கு வெளிச்சுவரும் பக்கத்துச் சுவரில் பாதியும் சேர்ந்த எண் பழக்கம். சென்னையில் வாங்கியவருக்கு ‘கார்ப்பெட்’, ‘சூப்பர் பில்டப்’ (பொது இடங்களின் பங்கும் சேர்ந்த அளவு) என்ற சொற்கள் பழக்கம். லண்டனில் வாங்கியவருக்கு உள் அளவு பழக்கம். மூவரும் யாழ்ப்பாணத்தில் உள்ள ஒரே தொடர்மாடியைப் பற்றிப் பேசும்போது மூன்று வேறு வீடுகளை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

தொடர்மாடி: எண் எப்படி வளர்கிறது

பின்வருவது கணக்கை விளக்கும் எடுத்துக்காட்டு மட்டுமே. விலைகளும் விளக்கத்துக்காக எடுத்தவை.

1. அறைகளின் நிலம் மட்டும்: 780 சதுர அடி.

2. உள்சுவர்களைச் சேர்த்தால்: 820.

3. வெளிச்சுவரையும் பக்கத்து வீட்டுச் சுவரில் பாதியையும் சேர்த்தால்: 880.

4. 60 சதுர அடிப் பல்கனியைச் சேர்த்தால்: 940.

5. படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை, வாசல் மண்டபம் ஆகியவற்றில் பங்கு என்று அதன்மேல் 25 சதவீதம் ஏற்றினால்: 1,175.

கதவைத் திறந்து உள்ளே போனால் கால் பதியும் இடம், விளம்பரத்தில் உள்ள எண்ணில் மூன்றில் இரண்டு பங்குதான். ஐந்தாவது படியில் ஏற்றும் சதவீதத்தை விற்பவரே தீர்மானிக்கிறார் என்பதைக் கவனியுங்கள். முதல் நான்கு படிகளையும் அளவு நாடா வைத்துச் சரிபார்க்கலாம். ஐந்தாவதை, கட்டடம் முழுவதின் வரைபடமும் கையில் இல்லாமல் யாராலும் சரிபார்க்க முடியாது.

இப்போது விலைக்கு வருவோம். முதலாவது கட்டடத்தில் சதுர அடி 25,000 ரூபா. கணக்கிடும் அளவு 1,175. மொத்தம் 2 கோடியே 93 இலட்சத்து 75 ஆயிரம். இரண்டாவது கட்டடத்தில் சதுர அடி 30,000 ரூபா; ஆனால் அவர்கள் 820 என்ற உள் அளவுக்குத்தான் விலை கேட்கிறார்கள். மொத்தம் 2 கோடியே 46 இலட்சம். உள்ளே இரண்டும் ஒரே அளவு வீடு. ‘சதுர அடி எவ்வளவு?’ என்று மட்டும் கேட்டவர் முதலாவதை மலிவு என்று நினைப்பார். உண்மையில் அவர் 47 இலட்சத்து 75 ஆயிரம் ரூபா கூடக் கொடுக்கிறார். முதலாவது கட்டடத்தின் விலையை அதே 820 ஆல் பிரித்தால் சதுர அடிக்கு 35,800 ரூபாவைத் தாண்டுகிறது.

பொது இடங்களுக்குப் பணம் வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. லிஃப்டும் படியும் செலவில்லாமல் வருவதில்லை. அந்தச் செலவை விலையில் வைப்பது நியாயம். வீட்டின் அளவுக்குள் ஒளித்து வைப்பது நியாயம் இல்லை.

இலங்கைச் சட்டத்தில் வாங்குபவருக்கு ஒரு பிடிமானம் இருக்கிறது. தொடர்மாடி உடைமை பற்றிய 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டமும் அதன் திருத்தங்களும், ஒவ்வொரு வீடும் தனித் துண்டாகக் காட்டப்பட்ட கூட்டாதன வரைபடத்தைக் கேட்கின்றன. பதிவு பெற்ற நில அளவையாளர் அளந்து வரையும் வரைபடம் அது. இந்த ஆதனங்களைப் பார்க்கும் அரச நிறுவனம் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபை. உறுதியில் உங்களுக்குச் சொந்தமாவது வரைபடத்தில் உள்ள அந்தத் துண்டுதான், விளம்பரத்தில் உள்ள எண் அல்ல. ஆகவே கேட்க வேண்டிய எண் வரைபடத்தில் உங்கள் துண்டுக்கு எழுதியிருப்பது. அது பெரும்பாலும் சதுர மீற்றரில் இருக்கும், 10.764 ஆல் பெருக்கினால் சதுர அடி கிடைக்கும். பல்கனியும் கார் தரிப்பிடமும் உங்கள் துண்டுக்குள் வருகின்றனவா, பொது உடைமையாக நிற்கின்றனவா என்பதையும் அங்கேயே பார்க்கலாம்.

அதே வரைபடத்தோடு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பங்குப் பெறுமதி வருகிறது. பொது உடைமையில் உங்கள் பங்கும், பராமரிப்புச் செலவில் நீங்கள் தாங்க வேண்டிய பங்கும், முகாமைக் கூட்டத்தில் உங்கள் வாக்கின் கனமும் அதைப் பொறுத்தவை. வீட்டை வாங்கிய பிறகு இருபது முப்பது வருடங்களுக்கு மாதாமாதம் கூட வரும் எண் இது. கையெழுத்துக்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.

கடை: முகப்பு ஏன் பேசுகிறது

யாழ் நகரத்துப் பழைய கடை வரிசைகளில் ஒடுங்கிய முகப்பும் நீண்ட உள்ளும் உள்ள கடைகளைக் காணலாம். கடை எடுப்பவர்கள் முதலில் ‘முகப்பு எத்தனை அடி?’ என்று கேட்பார்கள். வியாபாரிகளின் அந்தக் கேள்விக்குப் பின்னால் உள்ள நியாயத்தைப் பிரித்தானிய மதிப்பீட்டாளர்கள் ஒரு கணக்காகவே ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

கடையின் முன்பக்கத்திலிருந்து முதல் 20 அடி ஆழம் முதல் வலயம். அதற்கு முழுப் பெறுமதி. அடுத்த 20 அடிக்குப் பாதி. அதற்கு அடுத்ததற்குக் கால். வீதியில் போகிறவரின் கண் படும் இடத்துக்குத்தான் கூடிய வாடகை என்பது இதன் அடிப்படை.

இரண்டு கடைகள், இரண்டும் 600 சதுர அடி. முதலாவது 12 அடி முகப்பு, 50 அடி ஆழம். முதல் வலயம் 240. இரண்டாவது 240 இல் பாதி 120. மிச்சம் 120 இல் கால் 30. கூட்டினால் 390. இரண்டாவது கடை 20 அடி முகப்பு, 30 அடி ஆழம். முதல் வலயம் 400. மிச்சம் 200 இல் பாதி 100. கூட்டினால் 500. சதுர அடி ஒன்றாக இருந்தாலும் இரண்டாவது கடையின் வாடகைப் பெறுமதி கால் பங்குக்கு மேல் கூடுகிறது. யாழ்ப்பாணத்தில் இந்தக் கணக்கை அப்படியே யாரும் போட வேண்டியதில்லை. ஆனால் நீண்ட கடையை வாடகைக்கு எடுப்பவர், பின்பக்கச் சதுர அடிக்கும் முன்பக்க விலையே கேட்கப்படும்போது இதைச் சொல்லிப் பேசலாம்.

கடைகளில் பார்க்க வேண்டிய இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று தூண், சின்னக் கடையில் நடுவில் நிற்கும் 18 அங்குலத் தூண் பிடிப்பது இரண்டேகால் சதுர அடிதான், ஆனால் அலுமாரி வரிசையையே அது குலைத்துவிடும். மற்றது இடைத்தட்டு. பலகையோ இரும்போ போட்டு மேலே செய்த தட்டில் நிமிர்ந்து நிற்க முடியாவிட்டால் அது சாமான் வைக்கும் இடம்தான். அதற்குக் கீழ்த் தளத்தின் வாடகை கொடுக்கத் தேவையில்லை. கடைக்கு முன் உள்ள நடைபாதையும் வடிகான் மூடியும் உரிமையாளருடையவை அல்ல என்பதால் அவற்றை அளவில் சேர்க்கவே முடியாது.

எந்த வேலைக்கு எந்த எண்

ஒரே கட்டடத்துக்கு வெவ்வேறு அலுவலகங்களில் வெவ்வேறு தள அளவு எழுதப்பட்டிருப்பதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். எங்கோ பிழை நடந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் பிழை இல்லை. நோக்கம் வேறு, ஆகவே எண்ணும் வேறு.

கட்டட அனுமதிக்குப் போகும் வரைபடத்தில் உள்ள மொத்தத் தள அளவு, காணியின் அளவோடு ஒப்பிட்டு எவ்வளவு கட்டலாம் என்று பார்ப்பதற்கு. நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதிகள் பொருந்தும் இடங்களில், எதைச் சேர்ப்பது எதை விடுவது என்று அந்த விதிகளே சொல்லும். வங்கிக் கடனுக்கு வரும் மதிப்பீட்டாளர் வீட்டை மீளக் கட்ட என்ன செலவாகும் என்று பார்ப்பதால் வெளி அளவை எடுப்பார். மாநகர சபையின் சோலை வரி வருடாந்தப் பெறுமதியில் விழுகிறது. இந்த இடத்தை வாடகைக்கு விட்டால் நியாயமாக என்ன வரும் என்பதுதான் அங்கே கேள்வி. தள அளவு அதைக் கணிக்க உதவும் ஒரு காரணி மட்டுமே. ரைல்ஸ் கடைக்குப் போகும்போது உங்களுக்கு வேண்டியது சுவரைக் கழித்த நிலம், வெட்டுக் கழிவுக்குக் கொஞ்சம் கூட்டி.

ஒரு வேலைக்காக எடுத்த எண்ணை இன்னொரு வேலைக்குக் கொண்டுபோவதுதான் பிழை. வங்கி அறிக்கையில் உள்ள வெளி அளவைக் காட்டி வாடகை கேட்பது அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

நீங்களே அளக்கும்போது

1. அங்குலத்தைத் தசமமாக எழுதாதீர்கள். ஆகக் கூடுதலாக நடக்கும் பிழை இதுதான். 12 அடி 7 அங்குலம் என்பது 12.7 அடி அல்ல, 12.58 அடி. அங்குலத்தை 12 ஆல் பிரிக்க வேண்டும். 12 அடி 7 அங்குலம் × 10 அடி 5 அங்குலம் உள்ள அறை 131 சதுர அடி, 12.7 × 10.5 என்று போட்டால் 133 ஐத் தாண்டும். ஓர் அறையில் இரண்டு சதுர அடி கூடினால், ஐந்தாறு அறைகளில் ஒரு குளியலறையின் பாதி வந்துவிடும். மீற்றரில் அளந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

2. எல் வடிவ அறையை இரண்டு நீள்சதுரமாகப் பிரித்து அளந்து கூட்டுங்கள்.

3. மூலைக்கு மூலை குறுக்காகவும் அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக வராவிட்டால் அறையின் மூலைகள் செங்கோணமாக இல்லை. பழைய வீடுகளில் இது அடிக்கடி வரும். அப்போது நீளத்தை இரண்டு மூன்று இடத்தில் எடுத்துச் சராசரி போடுங்கள்.

4. லேசர் கருவி இருந்தால் நல்லது. ஆனால் அது கருவியின் அடியிலிருந்து அளக்கிறதா நுனியிலிருந்து அளக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ‘சுவர் உட்பக்கம்’, ‘சுவர் வெளிப்பக்கம்’ என்று எழுதி வையுங்கள். ஒரு கிழமை போனால் உங்களுக்கே நினைவிருக்காது.

சரி, ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது? நொத்தாரிசிடமோ சட்டத்தரணியிடமோ போகும்போது இப்படி ஒரு பந்தியைச் சேர்க்கச் சொல்லலாம்: ‘இவ்வொப்பந்தத்தில் தள அளவு எனப்படுவது வெளிச்சுவர்களின் உட்பக்கத்திலிருந்து தரை மட்டத்தில் அளந்த அளவாகும். உள்சுவர்களும் தூண்களும் இதில் அடங்கும். பல்கனி, விறாந்தை, கார் தரிப்பிடம் ஆகியவற்றின் அளவு தனித்தனியே காட்டப்பட்டுள்ளது. பொது இடங்களின் பங்கு இதில் அடங்காது.’ கொந்தராத்துக்கு என்றால் ‘உட்பக்கம்’ என்பதை ‘வெளிப்பக்கம்’ ஆக்கி, போர்ட்டிக்கோ முழுதா பாதியா என்பதையும் அதே இடத்தில் எழுத வேண்டும்.

கட்டி முடியாத தொடர்மாடிக்கு முற்பணம் கட்டுபவர் இன்னொரு வரியும் கேட்க வேண்டும். கூட்டாதன வரைபடத்தில் கடைசியாக வரும் அளவு, ஒப்பந்தத்தில் சொன்ன அளவிலிருந்து எத்தனை சதவீதம் வரை மாறலாம், அதற்கு மேல் குறைந்தால் விலை அதே விகிதத்தில் எப்படிக் குறையும் என்பதே அந்த வரி. அதோடு வீட்டின் தள வரைபடம் ஒன்றை அளவுகளோடு இணைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு தரப்பும் ஒப்பமிட வேண்டும். வெளிநாட்டில் இருந்து வாங்குபவருக்காக இங்கே கையெழுத்து வைக்கும் அற்றோணித் தத்துவக்காரர், அந்த இணைப்பு இல்லாமல் கையெழுத்து வைக்கக் கூடாது.